ஃபிளாட்வவுண்ட் கம்பி போட்டால் பேஸ் கிற்றாரில் டாப்பிங் எடுபடுமா?

குருநகர்_பேஸ்:
தேவாலயப் பாடகர் குழாமோடும் கலியாண வீட்டு மேடைகளிலும் வாசிக்கிறேன். நாலு கம்பி பேஸ், இப்போது வட்டக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட், தடிப்பு 45–105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). கடற்காற்றும் வேர்வையும் சேர்ந்து புதுக் கம்பியின் கணீர்ச் சத்தத்தைச் சீக்கிரமே தின்றுவிடுகின்றன. தட்டை நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்டுக்கு மாறலாம் என்று யோசனை. ஒரே தயக்கம், சோலோ கிடைத்தால் இரண்டு கையாலும் கம்பியை ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோக மெட்டுகள்) தட்டி வாசிப்பேன், அதுதான் டாப்பிங். அது கெட்டுவிடுமா?

நாலாவது_கம்பி:
கெட்டுவிடும் தம்பி. தட்டும்போது கம்பிக்குப் போகிற பலம், விரலால் இழுத்து மீட்டும்போது போவதைவிடக் குறைவு. அந்தச் சின்னச் சத்தம் டிரம்ஸையும் கீபோர்ட்டையும் தாண்டிக் கேட்பதே அதிலுள்ள மேல் ஹார்மொனிக்ஸ்களால்தான் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கிற உயர்ந்த துணை ஒலிகள்). தட்டை நாடாவைச் சுற்றிய கம்பியில் அவை சட்டென்று அடங்கிப்போகும். 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே தட்டிப் பாரும், "டொக்" என்பதுதான் மிஞ்சும். பேஸ்காரர் பில்லி ஷீஹன் தட்டி வாசிப்பதில் பெயர் எடுத்தவர். அவர் பெயரில் ரோட்டோசவுண்ட் கம்பெனி விற்கிற கம்பி செட் ரவுண்ட்வவுண்ட். சும்மாவா?

கொக்குவில்_சவுண்ட்:
அண்ணை, ஷீஹனுக்கு வேண்டியது அந்தக் கரகரப்பு. அதை வைத்து மற்றது உதவாது என்று சொல்ல ஏலாது. ஃபிளாட்வவுண்ட் என்றாலே மங்கல் என்றால் ஐயர்ன் மெய்டன் ரொக் குழுவின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸை என்ன செய்வது? 50–110 ஃபிளாட்வவுண்ட் போட்டுக்கொண்டுதான் அத்தனை கிற்றாருக்கு நடுவிலும் தனியாகக் கேட்கிறார்.

டாப்பிங்கில் சத்தம் வராததற்குப் பெரிய காரணம் கம்பி ஃபிரெட்டிலிருந்து உயரத்தில் நிற்பது. 12ஆம் ஃபிரெட்டில் 2 மில்லிமீற்றருக்கு இறக்குங்கள். ஃபிளாட்வவுண்ட் பெரும்பாலும் இழுவை கூடியது, ஆடுகிற அகலம் குறைவு, ஃபிரெட்டில் பட்டு இரைவதும் அவ்வளவு கேட்காது. ஆகவே இன்னும் கொஞ்சம் இறக்கவும் இடமிருக்கும். பிறகு சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் சமப்படுத்துகிற கொம்பிரசர் ஒன்று. வேலை முடிந்தது.

நாலாவது_கம்பி:
ஹாரிஸ் தட்டுகிறாரா? விரலால் மீட்டுகிறார். அடுத்ததாக ஜேம்ஸ் ஜேமர்சனைக் கொண்டுவருவீர் என்றும் தெரியும். மோட்டவுண் (அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி) பாட்டுகளில் அவருடைய 1962 பிரிசிஷன் பேஸ், லா பெல்லா கம்பெனியின் ஃபிளாட்வவுண்ட், வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். அருமையான வாசிப்பு, ஆனால் அதுவும் மீட்டல்தான். கேள்வி டாப்பிங்கைப் பற்றியது.

கொம்பிரசர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டிய ஸ்வரத்தை மட்டும் அது தூக்காது. விரலுக்கும் நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படுகிற பள்ளக் கட்டை) நடுவே அதிருகிற துண்டுக் கம்பியின் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும்.

கொக்குவில்_சவுண்ட்:
அதுக்கு நட்டுக்குப் பக்கத்தில் தலைமயிர் கட்டுகிற ரப்பர் வளையம் ஒன்று. ரவுண்ட்வவுண்ட் போட்டுத் தட்டுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

நாலாவது_கம்பி:
வளையம் கிடந்தால் திறந்த கம்பி வாசிக்க ஏலாது. பாட்டு நடுவில் தாழ் E வேண்டுமே?

கொக்குவில்_சவுண்ட்:
நட்டைத் தாண்டித் தலைப்பக்கம் தள்ளிவிட்டால் திறந்த கம்பி பேசும். சோலோ வரும்போது இழுத்துவிடுவதுதானே.

இன்னொன்று. மண்டபங்களில் சவுண்ட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே தட்டி வாசிக்கிற பெடியள் பலருக்குக் கம்பி பிரச்சினை இல்லை, ஸ்வரம் வைக்கிற இடம்தான் பிரச்சினை. கீழ் ஸ்தாயியில் ஸவையும் கவையும் ஒட்டி வைத்தால் எந்தக் கம்பியிலும் குழம்பும், எதிரொலிக்கிற மண்டபத்தில் சொல்லவே வேண்டாம். இடது கை கீழ் ஸவைப் பிடிக்க, வலது கை அடுத்த ஸ்தாயி கவைத் தட்டட்டும். அப்போது ஃபிளாட்வவுண்டும் தெளிவாகப் பேசும்.

வீணைக்காரி:
இரண்டு பேரும் ஃபிளாட்வவுண்ட் என்றால் ஒரே சாமான் மாதிரிக் கதைக்கிறீர்கள். 52–110 லா பெல்லா நல்ல விறைப்பு. இடது கை ஹாமர்-ஓன் (விரலால் கம்பியை ஃபிரெட்டில் அடிப்பது) செய்து செய்தே களைத்துப்போகும். தோமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ் 43–100, இழுவை குறைவு, லேசாகத் தட்டினாலே ஃபிரெட்டில் படும். ஹாஃப்ரவுண்ட் என்றும் ஒரு வகை இருக்கிறது. வட்டக் கம்பியைச் சுற்றி, மேற்பரப்பைத் தேய்த்து மழுப்பி எடுப்பது. சத்தமும் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும்.

நாலாவது_கம்பி:
தோமஸ்டிக் விலை தெரியுமா தங்கச்சி? யாழ்ப்பாணத்துக் கடையில் தேடிக் களைத்து, கொழும்பில் கேட்டு, கடைசியில் கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற ஆரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

வீணைக்காரி:
விலைதான். ஆனால் வேர்வையும் அழுக்கும் போய் அடைகிற பள்ளம் அதில் இல்லை, வருடக்கணக்கில் கிடக்கும். நீங்கள் ரவுண்ட்வவுண்டைக் கழற்றித் தண்ணீரில் அவித்து அவித்துப் போடுகிற பாட்டையும் கணக்கில் சேருங்கள்.

குருநகர்_பேஸ்:
நான் வாசிப்பதில் பெரும்பகுதி பாட்டுக்குத் துணைதான், டாப்பிங் எப்போதாவது. ஆகவே 43–100 பக்கம் சாய்கிறேன். லண்டனிலிருந்து மச்சான் வருகிறார், அவரிடம் சொல்லிவிடலாம். 105க்கு வெட்டிய நட்டில் 100 இருக்குமா?

கொக்குவில்_சவுண்ட்:
இருக்கும், பள்ளம் அரைமயிர் தளர்வுதான். ஆனால் இழுவை குறைவதால் கழுத்து கொஞ்சம் பின்னுக்குப் போகும். கம்பி இரைந்தால் கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

நாலாவது_கம்பி:
சரி, போடும். வெட்டுவதற்கு முன்னால் கம்பியைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பு விழுந்த பிறகு வெட்டும், இல்லாவிட்டால் சுற்றிய நாடா உள்ளே வழுக்கிக் கம்பி செத்துப்போகும். கழற்றுகிற ரவுண்ட்வவுண்டை எறிந்துவிடாதையும். முதல் சோலோவுக்குப் பிறகு தேடுவீர்.