கொரியன் புல்வெளி மஞ்சளடித்துத் திட்டுத் திட்டாகக் காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

வடவள்ளி வாசி:
வணக்கம். கோவை வடவள்ளியில் வீட்டு முன்புறம் சுமார் 800 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். வீடு கட்டி முடித்த கையோடு ஒப்பந்தக்காரர் ஒருவர் மேலே செம்மண் கொட்டிச் சமன்செய்து, புல்லைப் பதித்துக் கொடுத்தார். முதல் இரண்டு வருடம் அருமையாக இருந்தது. போன கோடையிலிருந்து இறங்குமுகம்தான். மொத்தப் புல்லும் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. கேட்டிலிருந்து திண்ணை வரை நடக்கிற இடம் மொட்டையாகிக்கொண்டே போகிறது. மாமரத்தடியில் புல்லே இல்லை. எங்கு பார்த்தாலும் கோரை.

தினமும் சாயங்காலம் போர் தண்ணீர் ஹோஸில் அடிக்கிறோம், ஆனால் மேலேயே தேங்கி நிற்கிறது. மாதம் ஒருமுறை தோட்டக்காரர் வந்து தரையோடு ஒட்ட வெட்டிவிட்டுப் போவார். யூரியா போட்டால் சில நாள் பச்சையாகி மறுபடி பழைய கதை. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அம்மா தினமும் காலையில் வெறுங்காலில் நடக்கும் இடம் இது. மருந்து அடிப்பதாக இருந்தால் அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். எதிலிருந்து தொடங்குவது?

மாடித்தோட்டம்:
சாயங்காலத் தண்ணீர் என்கிறீர்கள், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருக்கும். பூஞ்சையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பூஞ்சைக்கொல்லி அடித்துப் பாருங்கள்.

மைதானக்காரர்:
கல்லூரி மைதானப் புல்லோடு பல வருடம் பழக்கம் என்பதால் சொல்கிறேன். மருந்துக் கடைக்கு இப்போதே போக வேண்டாம். பூஞ்சை என்றால் பெரும்பாலும் வட்ட வட்டமாகத் தொடங்கும், விளிம்பில் இருக்கும் இலை அழுகி எளிதாக உருவிக்கொண்டு வரும். நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. வெயில் காலத்தில் செழிக்க வேண்டிய புல் இது. 30 டிகிரி வெயிலில் கொரியனும் அருகம்புல்லும் ஓடி வளர வேண்டும். அந்த நேரத்தில் சோர்ந்து போகிறது என்றால் வேர்ப்பக்கம் ஏதோ தடை என்று அர்த்தம்.

முதலில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தண்ணீர் விட்ட மறுநாள் பத்து இடத்திலாவது குத்திப் பாருங்கள். நல்ல மண் என்றால் கையால் அழுத்தினாலே 15 சென்டிமீட்டர் இறங்கும். அப்புறம் மண்வெட்டியால் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகப் புல்லை வெட்டித் தூக்கி, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அடியில் வெள்ளையாகச் சுருண்ட வேர்ப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். இலையையும் கவனியுங்கள். பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி வெளிறினால் இரும்புச்சத்து ஏறவில்லை. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வடவள்ளி வாசி:
பார்த்தேன் ஐயா. நடைபாதைப் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு விரற்கடைதான் இறங்குகிறது. தோண்டினால் செம்மண் ஒரு மேல்பூச்சுதான், அடியில் உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி. மற்ற இடங்களில் நான்கு விரல் இறங்குகிறது, அதற்குக் கீழே கரிசல். வேர் மேலாகவே பின்னிக் கிடக்கிறது. வெட்டிய சதுரத்தில் புழு இரண்டே இரண்டு. புது இலை நீங்கள் சொன்னது போலவே நரம்பு மட்டும் பச்சை.

மைதானக்காரர்:
அப்படியானால் பெயர்த்துப் போட வேண்டாம். அதே மண்மேல் புதுப் புல் போட்டாலும் சீக்கிரமே இதே நிலைக்குத்தான் வரும்.

கோவையின் கரிசலில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு. அதன்மேல் சிமென்ட் கழிவு சேர்ந்தால் காரத்தன்மை இன்னும் கூடும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கும். யூரியா பச்சை நிற்காததற்குக் காரணம் இதுதான். இப்போதைக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து, வெயில் ஏறும் முன் இலையில் தெளியுங்கள். மண்ணில் போட்டால் வீண், சுண்ணாம்பு அதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். டைல்ஸ், சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, ஓரங்களைச் சாக்குப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

ஆனால் அது வைத்தியம் அல்ல, தாங்குகோல். உண்மையான வேலை மண்ணைத் திறந்துவிடுவது. நடைபாதைப் பட்டையை முழுவதும் தோண்டி, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கழிவை அள்ளிப் போட்டுவிட்டு நல்ல மண் நிரப்புங்கள். இங்கே சுருக்குவழி கிடையாது. மீதி இடத்தில் தோட்ட முள்கரண்டியை மிதித்து 10 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, லேசாக அசைத்து எடுங்கள், ஒரு சாணுக்கு ஒரு குத்து. முந்தைய நாள் தண்ணீர் விட்டிருந்தால் வேலை பாதியாகும். பிறகு கழுவிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவி, தென்னை விளக்குமாற்றால் துளைகளுக்குள் தள்ளுங்கள். உங்கள் அளவுக்குச் சுமார் 13 கன அடி பிடிக்கும். இலை நுனி வெளியே தெரிய வேண்டும், மூடினால் புல் அழுகிவிடும். மட்காத சாணம் வேண்டவே வேண்டாம், அதில் களைவிதை வரும்.

தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றுங்கள். வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர், உங்கள் இடத்துக்கு ஏறத்தாழ 1,850 லிட்டர். அதை இரண்டு நாளாகப் பிரியுங்கள், சித்திரை வெயிலில் மூன்று நாள். தேங்கி ஓடினால் நிறுத்தி, அரைமணி கழித்து மீதியை விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் வேருக்குக் கீழே போக வேண்டிய அவசியமே வராது.

தோட்டக்காரரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: 4 சென்டிமீட்டர் உயரம் நிற்கட்டும், ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை மொட்டையடிப்பது புல்லைப் பட்டினி போடுவதுதான், உணவு தயாரிப்பதே அந்த இலைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லிச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள், புதுப் புல் போடும் செலவோடு பார்த்தால் அது குறைவுதான்.

இரண்டு புழுவுக்கு மருந்து தேவையில்லை. சதுர அடிக்கு ஐந்தைத் தாண்டினால் பார்க்கலாம். கோடைமழைக்குப் பிறகு வேப்பமரத்தில் ராத்திரி இந்தப் புழுவின் தாய்வண்டு மொய்த்தால் மட்டும் கவனம், முட்டையிட மண்ணுக்குத்தான் வரும்.

திருச்சி அக்கா:
கோரைக்கு நான் சொல்கிறேன் தம்பி. அதைக் கையால் பிடுங்காதீர்கள், கிழங்கு உள்ளேயே நின்று பக்கத்தில் இன்னும் நாலு கிளம்பும். தண்டு முக்கோணமாக இருந்தால் கோரைதான், விரலில் உருட்டிப் பாருங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் ஈரமான மண்ணில் கம்பியால் கிளறிக் கிழங்கோடு எடுத்துவிடலாம், எனக்கு அதுதான் பிடித்த வழி. பரவலாக இருந்தால் கரும்பு, மக்காச்சோளத்தில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃபுரான் மெத்தில் இருக்கிறது, கொரியன் புல் அதைத் தாங்கும். கிளைபோசேட் மட்டும் வேண்டாம், புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். லேபிள் அளவைத் தாண்டாதீர்கள். கோரை கருக மூன்று வாரம் ஆகும், வேலை செய்யவில்லை என்று மறுபடி அடித்துவிடாதீர்கள். நன்றாகக் காயும்வரை அம்மா அந்தப் பக்கம் போகக் கூடாது, அன்றைக்கு மொட்டைமாடியில் நடக்கட்டும்.

மைதானக்காரர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் இப்போதே அடிக்க வேண்டாம், புல் தேறி வரட்டும். சோர்ந்த புல்மேல் களைக்கொல்லி இன்னொரு சுமை. தண்ணீர் தேங்குவது நின்றாலே கோரையின் வேகம் குறையும்.

வடவள்ளி வாசி:
மிக்க நன்றி இருவருக்கும். மூன்று சந்தேகம். மாமரத்தடிக்கு என்ன செய்வது? காலையில் மட்டும் மூன்று மணி நேரம் வெயில் விழும். மொட்டையான இடத்தில் எப்போது புல் நடலாம்? யூரியாவை அடியோடு நிறுத்தவா? சிறுவாணித் தண்ணீரைப் புல்லுக்கு விட மனம் வரவில்லை, போர் தண்ணீர்தான் விட வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மைதானக்காரர்:
மாமரத்தடியில் கொரியனுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள், அதற்கு ஐந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். கீழ்க்கிளைகளைக் கழித்துப் பார்க்கலாம், அதற்கும் மேல் மரத்தை வெட்ட நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தை மட்டும் வளைவாக ஒதுக்கி ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள்.

நடவுக்கு ஆனி, ஆடிச் சாரல் நல்ல நேரம். செழிப்பான ஓரத்திலிருந்து கையகலத் துண்டுகளாகப் புல்லை எடுத்து ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். கொரியன் மெதுவாகத்தான் ஓடும், மூடிக்கொள்ள ஒரு பருவம் கொடுங்கள். அதுவரை அம்மா தினமும் ஒரே தடத்தில் நடக்காமல் இடம் மாற்றி நடக்கட்டும், மண் இறுகாது.

யூரியாவை நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். புது வேர் இறங்கியதும் உங்கள் 800 சதுர அடிக்கு ஒரு முறைக்கு 800 கிராம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்து, இலை ஈரமில்லாதபோது வீசி உடனே தண்ணீர் விடுங்கள்.

போர் தண்ணீரையும் மண்ணையும் ஒன்றாகக் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் உங்கள் ஊர்ப் பக்கம்தானே. மண்ணை ஆறேழு இடத்தில் எடுத்துக் கலந்து அரைக்கிலோ கொடுங்கள். கார அமில நிலையோடு உப்பின் அளவும் சோடியமும் கேளுங்கள். சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் ஜிப்சம், முடிவு வராமல் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அறிக்கை வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், எவ்வளவு போடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.