தாது வருஷப் பஞ்சம்: ஸ்கேன் பிரதிகளை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதலாமா?

வைகைக்கரை:
வணக்கம். முனைவர் பட்டத்துக்கு 1876-78 பஞ்சத்தை எடுத்திருக்கிறேன். ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதுதான். மதுரை ஜில்லா மட்டும். வில்லியம் டிக்பி 1878-ல் எழுதிய இரண்டு தொகுதிகள், 1880-ல் வெளியான பஞ்சக் கமிஷன் அறிக்கை எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் கிடைத்துவிட்டன. ஆனால் என் நெறியாளர், "ஸ்கேனை மட்டும் நம்பி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்கிறார். கையில் இரண்டு வயதுக் குழந்தை. சென்னையில் மாதக்கணக்கில் தங்க வழியில்லை. அவர் சொல்வது நியாயமா?

பழையகணக்கு:
நியாயம்தான் அம்மா. உங்கள் பட்டியலையே இன்னொரு முறை பாருங்கள். டிக்பி ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர், நிவாரணக் குழுவில் செயலாளராக இருந்தவர். கமிஷன் அறிக்கை சர்க்காருடையது. இரண்டும் ஆங்கிலம், இரண்டும் அச்சில் வந்தவை. இணையத்தில் சுலபமாகக் கிடைப்பது இந்த மாதிரிப் புத்தகங்கள்தான். கஞ்சித்தொட்டியில் யார் நின்றார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கு ஜில்லா அதிகாரிகளின் கடிதக் கட்டுகளைத்தான் புரட்ட வேண்டும். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போகத்தான் வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. ஒரு ஜமீன் குடும்பத்துக் கணக்குப் புத்தகத்தை ஸ்கேனில் படித்துக் கொண்டிருந்தேன். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வசூலான தொகை என்று பக்கம் பக்கமாகக் கூட்டி வைத்தேன். பிறகு அசலை விரித்தால், அந்த வரிகளில் பாதி சிவப்பு மையில் இருந்தது. எல்லாம் பாக்கி! படத்தில் இரண்டு மையும் ஒரே கறுப்பு. ஆறு மாத உழைப்பைத் தூக்கி எறிந்தேன்.

வடமராட்சி:
ஐயா, உங்கள் வலி விளங்குகிறது. ஆனால் நான் எழுதுவது யாழ்ப்பாணத்திலிருந்து. 1981 மே 31 இரவு எங்கள் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. கறுப்பு வெள்ளையோ மங்கலோ, அவற்றுக்கு ஒரு படமாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற ஊர் இது. 2005-ல் தன்னார்வலர்கள் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தத் தீ இருக்கிறது. அசலைப் பார் என்று சொல்ல, முதலில் அசல் மிஞ்சியிருக்க வேண்டும்.

அப்புறம், அசல் எங்கே இருக்கிறது? இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அலுவலகத்தின் காகிதங்கள், அதாவது இந்தியா ஆபீஸ் பதிவேடுகள், லண்டனில். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் இந்தத் தங்கச்சி எங்கே போவார்?

தேடுபொறி:
ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் வேலை செய்பவன் நான். மனசு வடமராட்சி பக்கம்தான். ஆனால் வைகைக்கரை அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ் ஸ்கேன்களில் "பஞ்சம்" என்று தேடிவிட்டு, கிடைத்தது இவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள். பஞ்சத்தில், பஞ்சத்தால், பஞ்சங்கள் எதிலும் "பஞ்சம்" என்ற எழுத்துத் தொடர் இல்லை. வேற்றுமையோ பன்மையோ ஏறியதும் மகரம் போய்விடுகிறது. சரி, "பஞ்ச" என்று போட்டால் பஞ்சாங்கம், பஞ்சாயத்து, பஞ்சு வியாபாரம் எல்லாம் வந்து குவியும். அந்தக் காலத்தில் க்ஷாமம் என்றும் எழுதுவார்கள். பழைய அச்சின் ணை, லை, றா வடிவங்களை மென்பொருள் தவறாகப் படித்திருந்தால் அந்தச் சொல் தேடலில் வரவே வராது. எங்கள் சோதனைகளில் இதைத் தினமும் பார்க்கிறேன். தேடல் பெட்டி காலியாக வந்தால் செய்தியே இல்லை என்று அர்த்தம் ஆகாது. பக்கம் பக்கமாகப் படிக்கத்தான் வேண்டும்.

பழையகணக்கு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொன்றும் உண்டு. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் தாக்குதலில் முடக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அழியும் ஆவணங்களுக்காக அவர்கள் நடத்தும் திட்டத்தின் படங்களையும் பல மாதம் பார்க்க முடியவில்லை. மறு வருஷம் அதே அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சில நாள் முடங்கியது. தீ வைக்க இப்போது ஆள் நேரில் வர வேண்டியதில்லை.

வடமராட்சி:
அது ஒரே இடத்தை நம்பியதால் வந்த வினை ஐயா. அந்தத் திட்டத்தின் விதியே, அசல் நாட்டை விட்டுப் போகக் கூடாது, படங்களின் ஒரு பிரதி உள்நாட்டு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான். பிரதி நாலு இடத்தில் இருந்தால் எந்தத் தாக்குதலும் எல்லாவற்றையும் அழித்துவிடாது. எழும்பூரில் இருக்கும் கடிதக் கட்டுக்கு இரண்டாவது இடம் உண்டா?

நீங்கள் இருவரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. பஞ்சத்தில் மதுரைப் பக்கத்துச் சனம் எங்கே போனது? கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிய அரசாங்கப் பதிவுகள் கொழும்பில் இருக்கின்றன. சென்னை, லண்டன், கொழும்பு என மூன்று ஊர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று ஊர் போகச் சொல்கிறீர்களா? படங்கள் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான், இந்தக் கரையில் காணாமல் போன குடும்பத்தை அந்தக் கரையில் தேட முடியும்.

பழையகணக்கு:
இது எனக்குத் தோன்றவில்லை, தம்பி. மண்டபம் கடற்கரைக்கு இந்தப் பக்கம் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டேன். மூன்று ஊர்க் காகிதத்தையும் ஒப்பிட ஸ்கேன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நெறியாளர் பேச்சை நான் இன்னும் விடவில்லை. அம்மா, கிடைக்கிற ஸ்கேன் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே படித்து முடியுங்கள். எண்கள் முட்டுகிற இடங்களையும், பக்கம் விட்டுப்போன இடங்களையும், ஓரத்தில் ஏதோ கிறுக்கியிருப்பது போலத் தெரிகிற இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு பத்து நாள் எழும்பூர் வந்தால் போதும். மடித்த தாள், ஒட்டுச்சீட்டு, மை நிறம், இவற்றை மட்டும் பாருங்கள். ஸ்கேனில் பார்த்ததை ஸ்கேனில் பார்த்தேன் என்று அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள். அசலைப் பார்த்தது போல எழுதாதீர்கள்.

வைகைக்கரை:
பத்து நாள் என்றால் முடியும். மே மாதம் அம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். கண்டிக்குப் போனவர்களைப் பற்றி ஒரு இயலே எழுதலாம் போலிருக்கிறது. நெறியாளரிடம் நாளைக்கே பேசுகிறேன்.

வடமராட்சி:
நல்லது தங்கச்சி. ஒரு வேண்டுகோள். எழும்பூரில் நீங்கள் பிரிக்கிற கட்டுகளைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைக்கு உதவும்.

பழையகணக்கு:
அனுமதி கிடைத்தால் எடுக்கட்டும். பக்கத்தில் அளவுகோல் வைத்து, கலரில்.