கிழங்கின் தலையைத் திரும்பப் புதைத்த பாட்டி: உங்கள் மலை அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோபிக்காரன்:

மலைச்சனங்களோடு பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர்களுடைய வெள்ளாமை, செடிகொடி விஷயத்தில் நேரில் பார்த்ததை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் வேண்டாம். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்கு வாய்க்கால் பாசனம். நெல், மஞ்சள், கரும்பு. விதை என்றாலே கடைப் பாக்கெட்தான். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வேலியில் ஏற்றிவிட்ட பட்டை அவரை ஒன்று இருந்தது. அது ஊரிலேயே இல்லாமல் போய்விட்டது. கடம்பூர் மலையில் இருக்கலாம் என்று அங்கே வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் சொன்னார். போன மாசியில் அவரோடு, ஊராளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன்.

பாட்டி விதையைப் பற்றிப் பேசவே இல்லை. "கெழங்குக்குப் போறேன், வர்றதுன்னா வாங்க" என்று கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாசியில் கொடியெல்லாம் காய்ந்து இலை கொட்டிக் கிடக்கிறது. எனக்கு எல்லாம் சருகாகவே தெரிந்தது. பாட்டி ஒரு மரத்தடியில் நின்று, காய்ந்த தண்டை விரலால் நீவிப் பார்த்தார். முள் இருக்கிறதா, கொடி மரத்தை எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறியிருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. வலப்பக்கம் சுற்றுவது ஒரு கிழங்கு, இடப்பக்கம் சுற்றுவது இன்னொன்று. சில கிழங்கை அப்படியே வேகவைத்துத் தின்னலாம். சிலதைச் சீவி, ஓடுகிற தண்ணீரில் போட்டு விஷம் இறக்காமல் வாயில் வைக்கக்கூடாது.

அரை மணி நேரம் தோண்டினார். முழங்கை நீளத்துக்குக் கிழங்கு. அதை முழுசாக எடுக்காமல், தண்டு ஒட்டியிருந்த மேல்பாகத்தை ஒரு சாண் விட்டு ஒடித்தார். அந்தத் தலையைத் திரும்பக் குழியில் நட்டு, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். "அதையும் எடுத்துக்கலாமே பாட்டி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வர்ற வருசம் உங்க வீட்டுக்கா வந்து தோண்டறது?"

சாயங்காலம் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய சுரைக்குடுக்கையை இறக்கினார். உள்ளே சாம்பல் பிசறிய அவரை விதை. அமுச்சியின் அவரையேதான். ஒரு படி அளந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த மாசிக்குள் இரண்டு படியாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய காட்டில் ராகியோடு அவரை, துவரை, கடுகு, தண்டுக்கீரை எல்லாம் கலந்து போடுகிறார்கள். ஒன்று பட்டுப்போனால் இன்னொன்று வீட்டுக்கு வரும். முன்பெல்லாம் கொத்துக்காடு. ஓரிடத்தில் இரண்டு மூன்று வருடம் விதைத்துவிட்டு, அதைக் காடாக விட்டு வேறிடம் போவார்கள். வனச்சட்டம் வந்து அதெல்லாம் பழங்கதை ஆகிவிட்டது. இப்போது ஒரே துண்டு நிலம், ராத்திரி முழுக்கப் பரணில் யானைக் காவல். சின்னவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பரணில் யார் உட்காருவது?

வால்பாறை டீச்சர்:

ஒரு சின்னத் திருத்தம். பழங்குடி என்றாலே ராகி, சாமை என்று எழுதிவிடுகிறோம். ஆனைமலைக் காடர்கள் காலங்காலமாக விதைத்தவர்கள் இல்லை. தேன், கிழங்கு, குங்கிலியம் என்று காட்டில் எடுத்து வாழ்ந்தவர்கள். அதே மலையில் முதுவர்கள் ராகி போட்டார்கள். 1890களில் தேயிலைக்கும் காப்பிக்கும் இங்கே பெரிய அளவில் காட்டை வெட்டத் தொடங்கியபோது இரண்டு வகை அறிவுக்கும்தான் இடம் சுருங்கியது. என் வகுப்பில் ஒரு காடர் பையன் இருந்தான். அறிவியல் பரீட்சையில் எப்போதும் பெயில். பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போன அன்று முப்பது மரத்துக்கு மேல் பட்டையை மோந்தே பெயர் சொன்னான். அதற்கு மார்க் போட என்னிடம் கட்டம் இல்லை.

அந்தியூர் ஆள்:

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மாகாளிக்கிழங்கு தெரியுமல்லவா, மோரில் ஊறுகாய் போடுவார்களே. பிடித்தவர்களுக்கு அமிர்தம், மற்றவர்களுக்கு மூட்டைப்பூச்சி நாற்றம். (நான் முதல் கட்சி.) பர்கூர் மலையில் ஒரு சோளகர் பழங்குடிப் பெரியவர், பாறை இடுக்கில் அது எங்கே வரும் என்று காட்டினார். பக்க வேரை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டுத் தாய்வேரை மூடினார். நான் ஆர்வக்கோளாறில் படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து எப்படிப் போவது என்பதுவரை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன். நானூறு லைக்.

ஆறு மாதம் கழித்துப் போனால், சரிவு முழுக்கக் குழி. வெளியாட்கள் கடப்பாரையோடு வந்து மூட்டை கட்டிவிட்டார்கள். பெரியவர் என்னைத் திட்டவில்லை. டீத்தண்ணி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். கிழங்கு என்ற பேச்சே எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டும் காட்டுக்குள் கூட்டிப்போகவில்லை.

கோவை மாணவி:

அந்தியூர் அண்ணா, உங்கள் கதை எனக்கு அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்களை நினைவுபடுத்துகிறது. 1987இல் கேரளப் பக்கம் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிகள் ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் ஏறியதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து வந்த 'ஜீவனி' மருந்தைத் தயாரிக்க 1995இல் உரிமம் வாங்கியது நம்ம கோவையில் இருக்கும் ஒரு நிறுவனம்தான். உரிமத் தொகை 10 லட்சம், கூடவே விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் வந்தது. உலகம் முழுக்க இதை நல்ல உதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் காணிகளிலேயே சிலர், குறிப்பாக வைத்தியம் பார்ப்பவர்கள், வெளியே சொன்னதே தப்பு என்று கோபப்பட்டார்கள்.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அளவில், அந்தந்த ஊர்ச் செடிகொடி, உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இங்கே தாவரவியல் ஆய்வகத்தில் உலர்தாவரத் தாள்களைப் பார்த்துத்தான் நான் படித்தேன். செடி ஒட்டியிருக்கும், பெயர் இருக்கும், இடம் இருக்கும். தலையைத் திரும்பப் புதைக்க வேண்டும் என்பதுதான் நான் பார்த்த எந்தத் தாளிலும் இல்லை. அதை எழுதுங்கள். இடத்தை எழுதாதீர்கள்.

கோபிக்காரன்:

மாணவி அம்மிணி சொல்வது சரி. மேலே நானும் மலையின் பெயரைப் போட்டுவிட்டேன். நல்லவேளை, கடம்பூர் மலையில் ஊர்கள் ஏராளம்.

பாட்டி கொடுத்த அவரை விதை என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: ஆடியில் போட்டேன். வேலி முழுக்கப் படர்ந்தது. பூவெடுத்த நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு உள்ளே புகுந்துவிட்டது. மிச்சத்தில் வீட்டில் இரண்டு தடவை குழம்பு வைத்துவிட்டார்கள், கேட்டால் பிஞ்சு நன்றாக இருந்ததாம். நெற்று தட்டி அளந்தால் ஒன்றேகால் படி. அடுத்த வாரம் மாசி பிறக்கிறது. பாட்டிக்கு முக்கால் படி கடன் சொல்லிப் பார்க்க வேண்டும்.