கண்மாய் நிதி: பணத்தோடு கையெழுத்தும் வேண்டும்

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய் தூர்வார நிதி திரட்டுவது பற்றி வந்த மடல்களைப் படித்தேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர்த் தண்ணீருக்காக இத்தனை பேர் முன்வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பொக்லைனுக்கு வாடகை பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: மேட்டுப் புஞ்சைகளில் வரப்புப் போட நிலக்காரர்களின் சம்மதம் வாங்குவது. அது வெளியூரில் இருக்கும் நம்மால்தான் ஆக வேண்டும்.

கண்மாயை மேடாக்கிய மண் மேற்கே மேட்டில் உள்ள செவல் (செம்மண்) புஞ்சைகளிலிருந்து வந்தது. அங்கே வரகும் கடலையும் விதைத்த காலத்தில் ஆண்டுதோறும் வரப்பு வெட்டிக் கட்டினார்கள். இன்று பெரும்பாலான புஞ்சை தரிசு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். தடுக்க வரப்பு இல்லாததால் ஐப்பசி மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்குகிறது. மேட்டை இப்படியே விட்டுவிட்டுக் கண்மாயைத் தோண்டினால், நாலைந்து மழைக்காலத்தில் மறுபடியும் வசூல் செய்ய வேண்டியிருக்கும்.

1994-இல் மத்திய அரசு அமைத்த ஹனுமந்தராவ் குழு, நீர்வடிப்பகுதி (ஒரே ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு) திட்டங்களுக்குச் சொன்ன வழி இதுதான்: சுமார் 500 ஹெக்டேரை ஒரே அலகாக எடுத்து, ஊர்மக்களே சங்கம் வைத்து முன்னின்று நடத்துவது. வேலை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கும். முதலில் புஞ்சையில் சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும் சம உயர வரப்பு, பிறகு ஓடையில் கல் தடுப்பு, பண்ணைக்குட்டை, அதன் பிறகே கண்மாய். மண்வளப் பாதுகாப்பில் நீண்ட அனுபவம் உள்ள வேளாண் பொறியியல் துறையினரும் இதே வரிசையைத்தான் சொல்வார்கள்.

பட்டா நிலத்தில் வரப்புப் போட உடைமையாளரின் சம்மதம் வேண்டும். அந்தத் தரிசு யாருடையது? நம்முடையதுதான் அண்ணன்மாரே! கீழ்ப்புஞ்சைக்காரர் வரப்புப் போட்டு, மேல்புஞ்சைக்காரர் போடாவிட்டால், மேலிருந்து திரண்டு வரும் வெள்ளம் கீழ்வரப்பை உடைத்து ஓடையாக அறுத்துவிடும். நடுவில் ஒரு துண்டு விடுபட்டாலும் போட்ட வேலை வீண். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்குத் தொலைபேசும்போதே பேசி முடியுங்கள். வரப்புப் போடச் சம்மதித்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று சித்தப்பா ஒருவர் கவலைப்பட்டிருந்தார். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், சித்தப்பா. மாறுவது தண்ணீரின் ஓட்டம் மட்டுமே.

கண்மாயை எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதிலும் எனக்குக் கருத்து உண்டு. மடை மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. அது ஆடுமாடுகளுக்கு ஆகும், நிலத்தடிக்கு இறங்கும். நெல்லுக்கு வேண்டுமென்றால் இறைக்க வேண்டும். கரையடியில் மண் எடுத்தால் கரை பலவீனப்படும். எடுக்கிற வண்டலை உரிய அனுமதி பெற்று வயலில் கொட்டினால் அது மண்ணுக்கு வளம் சேர்க்கும். அதை விற்கும் பேச்சு வேண்டாம்.

மேட்டுப் புஞ்சை வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணையும், ஊரில் உங்கள் சார்பில் பேசக்கூடியவர் பெயரையும் செயலாளருக்குத் தனிமடலில் அனுப்புங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) குறித்து, எந்தத் துண்டுக்குச் சம்மதம் வரவில்லை என்று பார்த்து, அவர்களிடம் நானே பேசுகிறேன்.