புதுப்பிப்பு: குவியல் கரைப்பும் எஞ்சும் கழிவும்

தங்கத் தாதுவை நீர்புகா விரிப்பின்மேல் குவித்து, ஐதான சயனைட்டுக் கரைசலைச் சொட்டவிட்டுத் தங்கத்தைப் பிரிக்கும் முறை பற்றி முன்பு எழுதியபோது, வேலை முடிந்த குவியலைத் தண்ணீரால் கழுவினால் போதும் என்று கூறியிருந்தேன். அது தவறு.

கழுவிய நீரிலுள்ள சயனைட்டை ஐதரசன் பரவொட்சைட்டால் சிதைக்கலாம். ஆனால் குவியலில் சல்பைட்டுக் கனிமங்கள் (உலோகத்தோடு கந்தகம் சேர்ந்தவை) இருந்தால், அவை காற்றோடும் மழையோடும் சேர்ந்து அமிலமாகி, ஆசனிக்கு போன்ற நஞ்சுகளைப் பல்லாண்டுகள் கசியவிடக்கூடும். 2000 சனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில், தங்கம் பிரித்த கழிவுத் தேக்கத்தின் அணை உடைந்து, ஏறக்குறைய 1,00,000 கன மீற்றர் சயனைட்டு நீர் வெளியேறியதில், ஹங்கேரியின் திஸ்ஸா ஆற்றில் மீன்கள் பெருமளவில் மடிந்தன.

கரைந்த தங்கத்தை உறிஞ்சப் பயன்படும் கரி பெரும்பாலும் நம் வீட்டு அடுப்படியில் கிடக்கும் அதே தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்யப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் தங்கச் சுரங்கம் இல்லை. ஆயினும் பலத்த மழை பெய்த மறுநாளே எங்கள் கிணற்றில் இரண்டு படிக்கட்டு மூழ்கிவிடுகிறது; வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல்லினூடாக நீர் அவ்வளவு விரைவாக இறங்குகிறது. ஆகவே நகைப் பட்டறையின் அமிலக் கழிவை வளவில் ஊற்றும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.