திருகோணமலைக்கு மாற்றலாகி வருகிறோம்: எந்தப் பக்கம் வீடு எடுப்பது?

வன்னிமருமகள்:

வணக்கம். வருகிற தை மாதம் வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு மாற்றலாகி வருகிறேன். கந்தோர் வரோதயநகரில். வீட்டில் நான், மூன்றரை வயது மகள், முழங்கால் வருத்தத்தோடு மாமி. கணவருக்கு வேலை வவுனியாவிலேயே. வெள்ளி இரவு ஹொரவப்பொத்தானை வழியாக வந்து, திங்கள் விடிய முதல் பஸ்ஸுக்குப் போவதாகத் திட்டம்.

போன கிழமை (ஓகஸ்ட்) இரண்டு நாள் வந்து நின்று வீடு பார்த்தோம். தரகர் முதலில் காட்டியது நிலாவெளியில். கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை, இரண்டு அறை, பெரிய விறாந்தை, வளவுக்குள் நாலு தென்னை. வாடகை 30,000. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கணவர் விறாந்தையில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. தை மாதத்திலிருந்து தருவாராம், முதலில் நாலு மாதத்துக்கு எழுதிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்கிறார் வீட்டுக்காரர்.

இரண்டாவது உவர்மலையில் மாடி வீடு, 45,000, ஒரு வருட முற்பணம். எங்கள் எல்லை 35,000. மூன்றாவது அன்புவழிபுரத்தில், 28,000. சீற் கூரை, சின்ன முற்றம், கண்ணுக்கு ஒன்றுமில்லை. மாமிக்கு அது பிடித்ததற்கு ஒரே காரணம் படி இல்லாதது.

மகளை இரண்டு வருடத்தில் தரம் 1க்குச் சேர்க்க வேண்டும். ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி கிடைத்தால் நல்லது. கடலுக்குப் பக்கத்தில் ஒரு தடவையாவது வாழ வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஊரில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், எந்தப் பக்கம் பார்ப்பது?

நாலுவீட்டான்:

பிள்ளை, நான் இந்த ஊரில் பிறந்தவனில்லை. 1996இல் மட்டக்களப்பிலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு வந்து, நாலு வாடகை வீடு மாறி இப்போது பாலையூற்றில் லூர்து மாதா கோயிலுக்குக் கிட்ட இருக்கிறேன். அதனால்தான் இந்தப் பெயர். வீட்டு விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாலு மாதக் கதை. தை, மாசி, பங்குனி, சித்திரை. அதோடு எண்ணிப் பாருங்கள், வைகாசி வருகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் வெள்ளைக்காரர் வரும் பருவம் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை. அந்த வீடு உங்களுக்கு வாடகைக்கு வரவில்லை. ஆள் இல்லாத மாதத்தில் காவல் இருக்க உங்களைக் கூப்பிடுகிறார், அதற்கு நீங்கள் காசும் கொடுக்க வேண்டும். நான் 2011இல் அலஸ்தோட்டத்தில் இப்படித்தான் மாட்டினேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் பால் பொங்கிய மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து, "அண்ணை, மே மாதம் மட்டும் ஒரு உதவி" என்றார். கட்டில், அலுமாரி, மனைவியின் அம்மி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றியதுதான் நான் செய்த உதவி.

அந்த அலஸ்தோட்ட வீட்டில் கடல் கேட்கும், ஆனால் தெரியாது. கேட்கிற தூரமே போதும் உப்புக்காற்றுக்கு. யன்னல் கம்பிக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பெயின்ற் அடித்தேன். மகனின் மோட்டார் சைக்கிள் சங்கிலி, மின்விசிறி, தையல் மெஷின், கதவுப் பிணைச்சல், எல்லாம் சிவந்து போனது. கிணறு இருந்தது, பத்தடியில் தண்ணீர். ஆவணியில் வாயில் வைத்தால் கஞ்சிக்கு உப்புப் போடத் தேவையில்லை. மாரியில் பரவாயில்லை. நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த இணைப்பு இருக்கிறதா, மீற்றர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிணற்றை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள், ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். சவர்க்காரம் கையோடு கொண்டு போய் நுரைக்கிறதா என்று பார்த்தாலும் தெரியும். தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அதற்கு முன்பு இருந்தது திருக்கடலூரில். அந்த வீட்டைப் பற்றி நல்லதுதான் சொல்வேன். கரைவலை இழுக்கும் நாட்களில் விடியக்காலையில் கீரி மீன் துடிக்கத் துடிக்க வாசலுக்கு வரும். அயல் வீட்டுக்காரர் காசு வாங்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26, பௌர்ணமி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. நான் அன்று வீட்டில் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள், அயலில் எல்லோரும் பிழைக்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். கடலோரம் போகாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் முழங்கால் வருத்தக்காரியும் மூன்றரை வயதுக் குழந்தையும் பகலில் தனியே இருக்கும் வீட்டுக்கு, மேட்டுக்கு ஓடும் பாதை எது என்று ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். நிலாவெளி தட்டை நிலம்.

உவர்மலை மேடு, காற்று நன்றாக வரும், கந்தோர்களும் விவேகானந்தா கல்லூரியும் பக்கத்தில். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தில் மாமி ஒரு நாளும் கோயிலுக்கு நடக்க மாட்டா. எல்லையைத் தாண்டி 10,000 வேறு. ஒரு வருட முற்பணம் என்றால் அஞ்சு லட்சத்துக்கு மேல், தேவையா?

இப்போது உங்கள் கணவரின் பஸ். வவுனியா பஸ் கன்னியாப் பக்கத்தால் வந்து அனுராதபுரச் சந்தியைப் பிடிக்கும். அன்புவழிபுரத்தில் இருந்தால் அவர் இரவு பத்து மணிக்கு இறங்கினாலும் கொஞ்சத் தூரம்தான். நிலாவெளிக்கு அந்த நேரத்தில் இன்னொரு பதினாறு கிலோமீற்றர் ஆட்டோ பிடிக்க வேண்டும். திங்கள் விடிய அதே கதை தலைகீழாக. உங்களுக்கும் காலையில் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, நகரத்துக்குள் என்.சி. வீதியில் பள்ளிக்கூட நெரிசலுக்குள் விழுந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும். விறாந்தையில் உட்கார நேரம் எங்கே?

பள்ளிக்கூடத்துக்காக மட்டும் வீடு எடுக்க வேண்டாம். தரம் 1இல் பாதி இடம் அருகில் வசிப்போருக்கு. ஆனால் தேர்தல் இடாப்பில் ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். காணி உறுதி உள்ளவனுக்குக் கூடிய புள்ளி, வாடகைக்காரனுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் கழிப்பார்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் என்ன புள்ளி எடுப்பீர்கள்? இடமாற்றத்தில் வரும் அரச உத்தியோகத்தருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, இடங்கள் மிகக் கொஞ்சம். அந்தக் கடிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். வந்த கையோடு கிராம சேவகரிடம் போய்ப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஓகஸ்டில் பார்த்த வீட்டுக்கு ஓகஸ்டில் காசு கட்டாதீர்கள். கார்த்திகையில், மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு வந்து அதே வீட்டைப் பாருங்கள். மட்டிக்களிக் களப்பை ஒட்டிய தாழ்ந்த காணிகளில் நான் கடிதம் கொடுக்கப் போய் முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருக்கிறேன். சுவரில் கறுப்புக் கோடு இருக்கும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்:

தங்கச்சி, நான் கிண்ணியா. நகரத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன், தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததற்கு முன்பு வாப்பா காலையில் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நிற்பார், மூன்று மணிக்குப் பிறகுதான் வீட்டுக்கு வர முடியுமா என்று தெரியும். இப்போது வாசலிலிருந்து முக்கால் மணி. அதனால் தூரம் தூரம் என்று பயப்பட வேண்டாம், நாலுவீட்டான் ஐயா சைக்கிள் காலத்துக் கணக்குப் பார்க்கிறார். சீனன்குடாப் பக்கமும் கேட்டுப் பாருங்கள், வாடகை குறைவு. (கச்சான் அடிக்கிற நாளில் பாலத்தில் ஸ்கூட்டி சரியும், அது உண்மை.)

அவர் சொல்லாமல் விட்டது நுளம்பு. 2017இல் டெங்கு எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. என் மச்சாளின் பிள்ளை பதினொரு நாள் ஆசுபத்திரியில். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டைப் பார்ப்பதில்லை, பக்கத்து வளவைத்தான் பார்ப்பேன். ஆள் இல்லாத காணி, மூடாத கிணறு, அரைகுறையாகக் கட்டிவிட்டு வெளிநாடு போனவரின் தண்ணீர்த் தொட்டி, இவை மூன்றில் ஒன்று மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று சீற் கூரை. யூன், யூலையில் கச்சான் மேற்கேயிருந்து சுட்டுக்கொண்டு வரும். பின்னேரம் கடற்காற்று ஏறும் மட்டும் மாமியும் குழந்தையும் சீற்றுக்குக் கீழ் அவிந்து போவார்கள். கூரைக்குக் கீழே தட்டுப் பலகை (சீலிங்) அடித்துத் தருவாரா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். முற்பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றால் சம்மதிப்பார்கள். முன்பள்ளி எங்கே என்றும் பாருங்கள், தரம் 1 பிறகு.

உப்புவெளிப் பொடியன்:

ஐயா கடலைக் காட்டிப் பயமுறுத்தியே விட்டார். நிலாவெளி வீதிக்கு மேற்குப் பக்கம், கடலிலிருந்து நானூறு ஐந்நூறு மீற்றர் உள்ளே, யுத்த மயானம் தாண்டிப் போனால் வருடம் முழுக்கத் தங்கும் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் அந்தப் பக்கம் வர மாட்டான், உப்புக்காற்றிலிருந்து மின்விசிறியும் தப்பும், யன்னல் கம்பியும் தப்பும். நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். பின்னேரம் ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் கடல். ஆனால் அக்காவின் கணவர் பஸ் விஷயத்தில் ஐயா சொன்னது சரிதான்.

நாலுவீட்டான்:

தம்பி, 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வடக்கே கரையேறிய இரவு உன் வீட்டு ஓடு எத்தனை போனது என்றும் எழுது.

உப்புவெளிப் பொடியன்:

பதினேழு. உங்கள் பாலையூற்றில் மாமரம் விழவில்லையா?

வன்னிமருமகள்:

கார்த்திகை கடைசியில் எழுதுகிறேன். போன சனி விடாத மழைக்குள் வந்தோம். நிலாவெளி வீட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று கணவர் பிடிவாதம். அந்தக் குளம் மாதிரிக் கடல் மண்நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது, பேசுவது கேட்கவில்லை. விறாந்தை முழுக்க நனைந்து பாசி. அவர் உட்காரவில்லை. மே மாதத்துக்குப் பிறகு என்ன செய்வோம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "அது நாங்கள் பேசிக்கொள்ளலாம் தங்கச்சி" என்றார்.

அன்புவழிபுரத்து வீட்டில் முற்றத்தில் தண்ணீர் நின்றது, ஆனால் படிக்கல்லுக்கு ஒரு சாண் கீழே. சுவரில் கோடு இல்லை, சுண்ணாம்பும் பழையது. குழாய்த் தண்ணீர் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை நானும் மாமியும் குடித்துப் பார்த்தோம், கொஞ்சம் கயர்ப்பு, உப்பு இல்லை. பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார், அவரே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து யார் எவர் என்று விசாரித்துவிட்டார். தட்டுப் பலகைக்கு வீட்டுக்காரர் சம்மதம், செலவு பாதி பாதி. இரண்டு வருடத்துக்கு எழுதி, பதிவு செய்து தருகிறார். 27,000க்கு இறங்கினார்.

கணவருக்கு இன்னும் முகம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலுக்குள் மான்கள் ஆட்டுக்குட்டி மாதிரித் திரிகின்றன, மாமியின் அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒன்று வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து மாமிக்கு ஒரே கவலை, துளசிச் சாடிகளை வவுனியாவிலிருந்து கொண்டு வருவதா என்று. அன்புவழிபுரம் வரைக்கும் மான் வருமா? மற்றது, 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கி மூன்று பேருக்குக் காணுமா?

நாலுவீட்டான்:

ஆயிரம் லீற்றர் வாங்குங்கள், கறுப்பு நிறம் வேண்டாம், வெயிலில் மத்தியானம் கை வைக்க முடியாது. கூரை நிழல் விழும் பக்கம் வையுங்கள்.

மான் கோட்டையிலும் கடற்கரைப் பக்கத்து வீதிகளிலும்தான். அந்தப் பக்கத்தில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. குரங்கு வரும். துளசியைத் தொடாது, கொய்யா மரம் இருந்தால் மறந்துவிடுங்கள்.