ஹெட்ஸ்பேஸ்: ‘தலைவெளி’ வேண்டாம், ‘அமர்நீளம்’ எடுத்துக்கொள்வோம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கைநிரப்பு, அதாவது சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா செய்வது, தொடர்பாக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இதுவரை மூன்று சொற்கள் முடிவாகியிருக்கின்றன. தோட்டா என்றால் முழுப்பொருள். கூடு என்றால் பித்தளை உறை. குண்டு என்றால் பறந்துபோகும் ஈயத் துண்டு மட்டும். நாளிதழ்கள் மூன்றையும் தோட்டா என்றே எழுதினாலும் நாம் பிரித்தது சரிதான். பிரிக்காவிட்டால் இன்றைய சொல்லான ஹெட்ஸ்பேஸைப் பற்றிப் பேசவே முடியாது.

> ஹெட் தலை, ஸ்பேஸ் வெளி. தலைவெளி என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமே?

இதில் எனக்கு உடன்பாடில்லை. தலை என்றதும் தமிழ் வாசகர் தோட்டாவின் எந்த முனையை நினைப்பார்? குண்டு இருக்கும் கூர்முனையைத்தான். ஆனால் இங்கே குறிக்கப்படுவது அதன் நேர்எதிர் முனை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு பொருத்தியிருக்கும் அடிப்பாகம். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வெளி என்றால் இடைவெளி என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஹெட்ஸ்பேஸ் என்பது இடைவெளி அல்ல, ஒரு நீளம். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டா மேலும் முன்னே போகாதபடி அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) அதைத் தடுத்து நிறுத்தும் இடம் வரை உள்ள தொலைவு அது. அந்த நீளத்துக்கும் தோட்டாவின் சொந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடைவெளி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் எதை அளக்க வேண்டும் என்றே தெரியாமல் போய்விடும்.

நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் பழைய ரைபிள் ஒன்றை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேறுபாடு அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. சாவேஜ் 99 என்ற அமெரிக்க ரைபிள் 1899 முதல் 1990களின் இறுதி வரை செய்யப்பட்டது. பெரும்பாலான நெம்புகோல் ரைபிள்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் குண்டு முன்னால் இருப்பதன் கேப்பில் முட்டும் என்பதால் அவற்றுக்குத் தட்டைமூக்குக் குண்டுதான் பாதுகாப்பு. சாவேஜில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் வட்டமாகத் தாங்கும் சுழல் கிடங்கு இருந்ததால் கூர்மூக்குக் குண்டும் போடலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம்.

இந்த ஒரே ரைபிள் .303 சாவேஜ் தோட்டாவுக்கும் வந்தது, 1920இல் அறிமுகமான .300 சாவேஜ் தோட்டாவுக்கும் வந்தது. முதலாவதன் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. அந்த விளிம்பு அறையின் வாயில் பிடித்துக்கொள்வதால் தோட்டா நிற்கிறது. இரண்டாவதில் துருத்திய விளிம்பு கிடையாது. புட்டியின் தோள்போல் சரிந்த பகுதி அறையின் தோளில் போய் உட்கார்வதால் நிற்கிறது. ஆக விளிம்புத் தோட்டாவில் இந்த நீளம் ஓரிரு மில்லிமீட்டர்தான். தோள்தோட்டாவில் அது கூட்டின் பெரும்பகுதி நீளம். தலைவெளி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

(நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய த்ரீ நாட் த்ரீ வேறு. எண் ஒன்றுதான் என்றாலும் அந்தத் தோட்டாவும் .303 சாவேஜும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. சொற்பட்டியலில் இரண்டையும் முழுப்பெயரோடுதான் எழுத வேண்டும்.)

> கடையில் வாங்கிச் சுடுபவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?

கடையில் கிடைத்தால் சரி. .300 சாவேஜின் இடத்தை 1952இல் வந்த .308 வின்செஸ்டர் பிடித்துக்கொண்டது. இன்று தொழிற்சாலைகள் .300 சாவேஜை அவ்வப்போதுதான் செய்கின்றன. .303 சாவேஜ் நிலைமை இன்னும் மோசம். தாத்தா மான் வேட்டைக்கு வாங்கிய ரைபிளை வைத்திருக்கும் அமெரிக்கப் பேரன் பழைய பெட்டிகளைத் தேடி அலைகிறான், இல்லாவிட்டால் சுட்ட கூடுகளைச் சேர்த்துத் தானே நிரப்புகிறான். சிலர் .308 கூட்டையே அச்சில் (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் எஃகு வார்ப்பு, ஆங்கிலத்தில் டை) அழுத்தி, வாயை வெட்டி .300 ஆக மாற்றுகிறார்கள். அப்போது தோள் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது தொழிற்சாலை அல்ல, நிரப்புபவரின் கைதான்.

ஆபத்தும் அங்கேதான். அச்சை அதிகமாக இறக்கிவிட்டால் தோள் பின்னுக்குப் போய்விடும். ரைபிளின் அமர்நீளம் மாறவில்லை, கூடு குட்டையாகிவிட்டது. சுடும்போது கூட்டின் முன்பகுதி அழுத்தத்தால் அறைச்சுவரைக் கவ்விக்கொள்ளும், அடி பின்னால் போய் போல்ட்டில் மோதும், நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். சாவேஜ் 99இல் போல்ட்டின் பின்முனைதான் சட்டத்தில் முட்டிப் பூட்டிக்கொள்கிறது. முன்பக்கம் பூட்டும் மௌசர் வகை ரைபிளைவிட இதில் கூடு கூடுதலாக நீள இடமிருக்கிறது. அதே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பினால் அடிக்குச் சற்று மேலே உள்ளே வளையமாகப் பள்ளம் விழும். ஒருநாள் அடி தனியே அறுந்து சூடான வாயு பின்னால் பீறிடும். நிரப்புபவர்கள் வளைத்த கம்பியை உள்ளே விட்டு அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். இந்த நிகழ்வுக்கு ‘அடியறுதல்’ என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்தது அருமை, அப்படியே ஏற்கலாம்.

எனவே என் முன்மொழிவு: நீளத்துக்கு அமர்நீளம், வித்தியாசத்துக்கு அமர்தளர்வு. மேலே சொன்னதை இப்போது ஒரே வரியில் சொல்லலாம்: அச்சு அதிகம் அழுத்தினால் அமர்நீளம் மாறாது, அமர்தளர்வு கூடும்.

> அமர்நீளத்துக்குப் பதில் தாங்குநீளம் என்று வைத்தால் என்ன?

பொருள் பொருந்துகிறது. ஆனால் தாங்கி, தாங்குருளை என்பவை பேரிங்குக்கு நிலைத்துவிட்டன. ஒரே பட்டறையில் இரண்டும் புழங்கினால் குழப்பம்.

> குண்டைக் கூட்டின் வாயில் பொருத்துவதையும் அமர்த்துதல் என்றுதானே சொல்வோம்?

இது நியாயமான எதிர்ப்பு. இதற்கு என்னிடம் இருக்கும் விடை, அந்தச் செயலுக்குப் பதித்தல் என்ற சொல்லை ஒதுக்கிவிடுவது. குண்டு பதியும் ஆழம் பதிப்பாழம். கல் பதித்த மோதிரம் என்று சொல்கிற நமக்கு அது இயல்பாகவே வரும். பதித்த குண்டு நழுவாமல் கூட்டின் வாயை மடக்குவது வாய்மடிப்பு. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. வீட்டில் நிரப்பும் பழக்கம் இங்கே வளராததால் பேச்சுவழக்கிலிருந்து எடுக்கச் சொல் கிடைக்கவில்லை. கேப்பு மட்டும் கிணறு வெட்டுபவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் சொல்வது பாறையைப் பிளக்கும் வெடிகேப்பு. இது ஊசி தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம். பட்டியலில் ‘தட்டுகேப்பு’ என்று எழுதினால் வேற்றுமை காப்பாற்றப்படும்.

எதிர்ப்பு இல்லையென்றால் பதிவு இப்படி இருக்கட்டும்:

அமர்நீளம்: பூட்டிய நிலையில் போல்ட்டின் முகத்திலிருந்து, அறையில் தோட்டாவின் விளிம்போ தோளோ தடுத்து நிறுத்தப்படும் இடம் வரையுள்ள தொலைவு.

அமர்தளர்வு: அமர்நீளத்துக்கும், தோட்டாவில் அதற்கு நேரான அளவுக்கும் உள்ள வித்தியாசம்.

அளக்கும் கருவிக்கு அமர்நீள அளவி என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் கேஜ் என்பதற்கு வேறு சொல் புழங்கினால் தெரிவிக்கவும்.

அன்புடன்.